மையத்திலிருந்து வீடு திரும்பிய பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போதை மீட்பு மையங்கள் குறித்துத் தங்கள் நாளிதழில் சில வாரங்களாக வெளியாகிவரும் வாசகர் கடிதங்களைத் தவறாமல் படித்து வருகிறேன். அந்த மையங்களை இழுத்து மூட வேண்டும் என்று ஒரு சாரார் எழுதுகிறார்கள். மாவட்டத்துக்குப் பத்து மையங்கள் திறக்க வேண்டும் என்று மற்றொரு சாரார் எழுதுகிறார்கள். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டால் போதும் என்கிறார் ஒருவர். அதெல்லாம் மூடநம்பிக்கை, மாத்திரை ஒன்றே வழி என்கிறார் இன்னொருவர். முப்பத்தோரு ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையிலும், குடிநோயாளி ஒருவருக்கு அக்கா என்ற முறையிலும், இந்த விவாதத்தில் விடுபட்டுப் போன ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். என் தம்பியின் சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன். அனுப்புவதற்கு முன் அவனிடம் வாசித்தும் காட்டினேன்.

2018-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு விடியற்காலை, போதை மீட்பு மையம் ஒன்றிலிருந்து நான்கு பேர் வேனில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களை வரச் சொன்னவள் நான்தான். மாதம் பன்னிரண்டாயிரம் ரூபாய் வீதம் மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டி, அச்சடித்த படிவம் ஒன்றில் கையெழுத்தும் போட்டிருந்தேன். தூங்கிக்கொண்டிருந்தவனைக் கட்டியிருந்த கைலியோடு தூக்கிச் சென்றார்கள். “சட்டையாவது போட்டுக்கிறேன் அக்கா” என்று மட்டும்தான் அவன் கேட்டான். வேன் கிளம்பிய பிறகு வாசலில் அவனுடைய செருப்பு ஒன்று கிடந்தது. அம்மா அதை எடுத்துத் துடைத்துத் திண்ணைக்கு அடியில் வைத்தார். அங்கே இரண்டாம் நாள் இரவு அவனுக்கு வலிப்பு வந்திருக்கிறது. கையில் சாவிக்கொத்தைத் திணித்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, மறுநாள் எலுமிச்சைச் சாறு கொடுத்திருக்கிறார்கள். மருத்துவர் எவரும் வந்து பார்க்கவில்லை. பல ஆண்டுகள் தினமும் குடித்துவந்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும் என்பதும், மூன்றாம் நாளையொட்டி மனம் பேதலித்து, இல்லாதவை கண்ணுக்குத் தெரியும் ஜன்னி நிலை ஏற்படக்கூடும் என்பதும், அது உயிரைப் பறிக்கக்கூடியது என்பதும், அதைத் தடுக்கும் மாத்திரைகள் எவை என்பதும் என் பணிக்காலம் முழுவதும் நான் அறிந்திருந்தவை. அவ்வளவும் அறிந்த நான்தான் அந்தப் படிவத்தில் கையெழுத்திட்டேன். வெட்கமும் களைப்பும் ஒரு குடும்பத்தை எந்த எல்லைக்குக் கொண்டுபோய்விடும் என்பதைப் பிறர் உணர வேண்டும் என்பதற்காகவே இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

பொங்கல் முடிந்து அவன் வீடு திரும்பினான். ஒன்பது கிலோ எடை குறைந்திருந்தான். “முகம் தெளிஞ்சிருக்கு” என்று உறவினர்கள் எல்லோரும் சொன்னார்கள். அன்று மாலை ஆறரை மணிக்கு முடிவெட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனவன், இரவு ஒன்பதரைக்கு இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க வந்து சேர்ந்தான். முப்பத்தாறாயிரம் ரூபாயும் தொண்ணூறு நாட்களும் மூன்று மணி நேரத்தில் போயின என்று அன்று நினைத்தேன். இப்போது யோசித்தால், அந்தத் தொண்ணூறு நாட்களில் அவன் குடியை நிறுத்தியிருக்கவே இல்லை என்று தெரிகிறது. குடி கிடைக்காத ஓர் இடத்தில் அவன் இருந்தான், அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய சான்று ஒன்றைத் தமிழ்நாடு முழுவதும் 2020-ஆம் ஆண்டில் கண்டது. பொதுமுடக்கத்தையொட்டி மார்ச் 24-ஆம் தேதி மாலை மூடப்பட்ட டாஸ்மாக் கடைகள், சென்னை நீங்கலாக, மே 7-ஆம் தேதி திறந்தன. இடையில் நாற்பத்து மூன்று நாட்கள். அந்த நாட்களின் தொடக்கத்தில் கை நடுக்கத்தோடும் வியர்வையோடும் தூக்கமின்மையோடும் மருத்துவமனைக்கு வந்தவர்களை என் உடன் பணியாற்றியவர்கள் நேரில் பார்த்தார்கள். அந்தக் கட்டத்தைத் தாண்டியவர்கள் ஒரு மாதத்துக்கு மேல் குடிக்காமலேயே இருந்தார்கள். என் தம்பியும் இருந்தான், நன்றாகச் சாப்பிட்டான், மாடியில் செடி வைத்தான். கடை திறந்த அன்று காலை எட்டு மணிக்கெல்லாம், வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு, வட்டம் போட்ட இடத்தில் வரிசையில் நின்றான். உடலிலிருந்து சாராயம் இறங்குவது வேறு, மனிதன் குடியிலிருந்து மீள்வது வேறு. முதலாவதற்கு ஒரு வாரமோ பத்து நாளோ போதும். இரண்டாவதற்கு ஆண்டுக்கணக்காகும். நம் ஊரில் குடும்பங்கள் செலவழிக்கும் பணம் ஏறக்குறைய முழுவதும் முதலாவதற்கே போகிறது.

கயிற்றையும் மாலையையும் பற்றி எழுதியவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவற்றை எள்ளி நகையாட எனக்கு மனமில்லை. கார்த்திகை முதல் நாள் மாலை போட்டுக்கொண்டு ஒரு மண்டலம் ஒரு சொட்டும் தொடாமல் இருப்பவர்கள் எங்கள் தெருவிலேயே பலர் உண்டு. தினமும் குவார்ட்டர் இல்லாமல் தூங்காதவர்கள் அவர்கள். அந்த மனிதரிடம் அத்தனை உறுதி எங்கிருந்து வருகிறது என்று பல ஆண்டுகள் வியந்திருக்கிறேன். பக்தி ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் கூர்ந்து பார்த்தால், மாலை போட்ட அன்றே அவரைச் சுற்றியுள்ள எல்லாமே மாறிவிடுகின்றன. நேற்று வரை “டேய்” என்று அழைத்தவர்கள் இன்று “சாமி” என்கிறார்கள். விடியலில் குளியல், கருப்பு வேட்டி, தனித் தட்டு, மாலையில் பஜனை. அதாவது, கடைக்குப் போகும் அதே ஆறரை மணிக்கு அவர் போயாக வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, அங்கே அவரை எதிர்பார்த்துப் பத்துப் பேர் இருக்கிறார்கள். பழைய கூட்டாளிகளும் மாலையைப் பார்த்ததும் ஒதுங்கிக்கொள்கிறார்கள். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றும் நாளில் இவை அத்தனையும் ஒரே நேரத்தில் அவரை விட்டு நீங்குகின்றன. அன்று மாலை அவர் மறுபடியும் தனி ஆள்.

கயிறு கட்டுபவர்களிடமும் குருசாமிகளிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. காலையில் எழுந்ததும் கை நடுங்குபவர், நடுக்கத்தை நிறுத்தவே காலையில் குடிப்பவர், முன்பு ஒருமுறை வலிப்பு வந்தவர் ஆகியோரை, கயிறோ மாலையோ அணிவிப்பதற்கு முன் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பிவையுங்கள். நோன்பு கெடாது, உயிர் நிற்கும்.

என் தம்பிக்கு மாற்றம் வந்தது 2021-ஆம் ஆண்டு ஆவணியில். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பத்து நாட்கள் இருந்தான். முதல் நாளே தயமின் ஊசி போட்டார்கள். நாட்பட்ட குடியில் இந்த உயிர்ச்சத்து உடலில் வற்றிப்போயிருக்கும். அதைக் கவனிக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்கு நிரந்தரச் சேதம் ஏற்படலாம் என்பதால், தெரிந்த மருத்துவர்கள் இதில் தாமதிப்பதில்லை. நடுக்கத்துக்கும் வலிப்புத் தடுப்புக்குமான மாத்திரையை நாள்தோறும் சிறிது சிறிதாகக் குறைத்தார்கள். பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது, அந்தப் பிரிவின் ஆலோசகர் ஒரு காரியம் செய்தார். குடியை நிறுத்த விரும்புவோர் கூடிப் பேசும் ஏ.ஏ. கூட்டம் நடக்கும் இடத்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பாமல், அந்தக் குழுவைச் சேர்ந்த எலக்ட்ரீஷியன் ஒருவரைப் படுக்கைக்கே வரவழைத்து, “சனிக்கிழமை இவர் வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போவார்” என்றார். அந்த மனிதர் தன் எண்ணைப் பேருந்துப் பயணச் சீட்டு ஒன்றின் பின்புறம் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு இன்றும் தம்பியின் பணப்பையில் இருக்கிறது, மை மங்கிவிட்டது.

முதல் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். தேவாலயத்தின் பின்புறமுள்ள ஓர் அறை, பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், எவர்சில்வர் தூக்கில் தேநீர். எல்லோருக்கும் டம்ளர் நிறைய ஊற்றியவர், தம்பிக்கு மட்டும் அரை டம்ளர் ஊற்றினார். பாரபட்சம் என்று நான் முகம் சுளித்திருக்க வேண்டும், எலக்ட்ரீஷியன் மெதுவாகச் சொன்னார்: “கை நடுங்கும் அம்மா. நெறய ஊத்துனா கொட்டிடும், கொட்டுனா வெக்கப்பட்டு அடுத்த வாரம் வர மாட்டார்.” முப்பத்தோரு ஆண்டுகள் நோயாளிகளுக்கு மருந்து கொடுத்த நான், இப்படி ஒருவரின் கையைக் கவனித்து எதையும் அளந்து கொடுத்ததில்லை. மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ தம்பிக்கும் முழு டம்ளர் வந்தது. வீட்டுக்கு வந்ததும் அவன் அதைத்தான் முதலில் சொன்னான்.

ஏ.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், 1935-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்திலுள்ள ஆக்ரன் நகரில், பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும் சந்தித்ததில் தொடங்கியது. இருவருமே குடிநோயாளிகள். ஒரு குடிநோயாளி இன்னொரு குடிநோயாளியோடு பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் குடிக்காமல் இருக்க முடிகிறது என்ற அவர்களுடைய கண்டறிதல்தான் இன்றுவரை அந்த அமைப்பின் அடித்தளம். கட்டணம் கிடையாது, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. பன்னிரண்டு படிகள் உண்டு. “இன்று ஒரு நாள் மட்டும்” என்ற எண்ணிக்கை உண்டு. பெயரை வெளியே சொல்வதில்லை என்ற கட்டுப்பாடு உண்டு. இந்தக் கடிதத்தின் கீழே என் பெயர் இல்லாததற்கும் அதுவே காரணம்.

இத்தகைய கூட்டங்களால் பயன் உண்டா என்ற கேள்விக்கு நெடுங்காலம் தெளிவான விடை இருக்கவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு, 2006-ஆம் ஆண்டு அறிக்கையில், உறுதியாகச் சொல்வதற்குப் போதிய சான்று இல்லை என்றே கூறியது. அதே அமைப்பு 2020-ஆம் ஆண்டில், 27 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 10,565 பேரையும் கணக்கில் கொண்டு மறுபடியும் பார்த்தபோது படம் மாறியது. நோயாளிகளை முறைப்படி ஏ.ஏ. கூட்டங்களோடு இணைக்கும் சிகிச்சையைப் பெற்றவர்களில், ஓராண்டு கழித்து முழுமையாகக் குடிக்காமல் இருந்தவர்கள் 100-க்கு 42 பேர். பிற உளவியல் சிகிச்சைகளைப் பெற்றவர்களில் 35 பேர். இந்த எண்களை இருபுறமும் கவனிக்க வேண்டும். கட்டணமே இல்லாத, பட்டம் பெற்ற எவரும் நடத்தாத ஒரு கூட்டம், பயிற்சி பெற்ற நிபுணர்களின் சிகிச்சைக்கு இணையாகவோ சற்று மேலாகவோ நிற்கிறது. அதே சமயம், அங்கே போனவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் அந்த ஓராண்டுக்குள் ஒருமுறையேனும் குடித்திருக்கிறார்கள். “எங்களிடம் வந்தால் நூற்றுக்கு நூறு குணம்” என்று எந்த மையம் சொன்னாலும், அங்கிருந்து எழுந்து வந்துவிட அந்த ஒரு வாக்கியமே போதுமான காரணம் என்று என்னிடம் ஆலோசனை கேட்பவர்களுக்குச் சொல்லி வருகிறேன்.

அந்த ஆலோசகர் செய்த சிறு காரியத்துக்கும் ஆய்வுச் சான்று உண்டு என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். 1981-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த ஒரு சிறிய ஆய்வில் மொத்தம் 20 பேர். பத்துப் பேருக்குக் கூட்டம் நடக்கும் இடத்தையும் நேரத்தையும் சொல்லிப் போகும்படி அறிவுறுத்தினார்கள். மீதிப் பத்துப் பேரை, ஆலோசனை அறையிலிருந்தே குழு உறுப்பினர் ஒருவரோடு தொலைபேசியில் பேசவைத்து, அந்த உறுப்பினரே வந்து அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்தார்கள். முதல் பத்தில் ஒருவரும் போகவில்லை. இரண்டாவது பத்தில் பத்துப் பேரும் போனார்கள். இருபது பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வந்துவிட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சீட்டில் முகவரி எழுதி அனுப்பப்பட்டு வராமலே போன எத்தனையோ பேரை என் மருந்துச் சாளரத்தின் வழியே பார்த்திருக்கிறேன்.

மாத்திரைகளுக்கு வருகிறேன். குடிநோய்க்கான மருந்துகளில் நம் மக்களுக்கு அதிகம் தெரிந்தது டைசல்பிரம். 1948-ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டு ஆய்வாளர்கள் இதைக் குடிநோய்க்கு அறிமுகப்படுத்தினார்கள். சாராயத்தை உடல் சிதைக்கும் வழியில் ஒரு நொதியை இது தடுத்துவிடுகிறது. இந்த மாத்திரை உடலில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் சரிந்துவிடும். கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம் வரை இந்த விளைவு நீடிக்கலாம். சாளரத்துக்கு வெளியே நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “அவருக்குத் தெரியாம சோத்துல கலந்து குடுத்துடலாமா?” என்று கேட்ட பெண்களின் எண்ணிக்கை எனக்கு நினைவில்லை. அவர்களுடைய துயரம் புரியாதவள் அல்ல நான். இருந்தும் ஒருவருக்கும் கொடுத்ததில்லை. தெரியாமல் உண்டவர் வழக்கம்போல் குடித்தால், இதயம் பலவீனமாக உள்ளவராக இருந்தால், அன்றே உயிர் போகலாம்.

அதே மாத்திரை, தெரிந்தே, விரும்பியே உண்ணும்போது வேறு விதமாக வேலை செய்கிறது. மும்பையில் நடந்து 2004-ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், குடும்பத்தாரின் கண்முன்னே டைசல்பிரம் உட்கொண்ட ஆண்களில் 100-க்கு 86 பேர் ஓராண்டு முடிவில் மீண்டும் குடியில் விழாமல் இருந்தார்கள். நால்ட்ரெக்ஸோன் என்ற மற்றொரு மருந்தை உட்கொண்டவர்களில் 44 பேர். மொத்தம் 100 பேரை மட்டுமே கொண்ட ஆய்வு அது. யாருக்கு எந்த மருந்து என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்த ஆய்வும்கூட. ஆகவே இந்த விகிதம் எங்கும் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். என் கவனத்தை ஈர்த்தது, வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்தார் என்பதுதான். எங்கள் வீட்டில் அந்த ஏற்பாட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டவன் தம்பியே. காலைக் காப்பிக்கு முன் அம்மா மாத்திரையை எடுத்துத் தருவார்; விழுங்கிவிட்டு வெற்று டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுவான். ஒரு நாளைக்கு ஒரே ஒருமுறை முடிவெடுத்தால் போதும், மாலை ஆறரை மணிக்கு மனத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை என்பது அவன் சொன்ன விளக்கம். ஓராண்டுக்குப் பிறகு மருத்துவரின் அறிவுரைப்படி மாத்திரையை நிறுத்தினான். கூட்டத்தை நிறுத்தவில்லை.

இடையில் ஒருமுறை விழுந்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாத்திரையைத் தவறவிட்டிருந்த ஒரு காலத்தில், ஏழாம் மாதம், சொந்தத்தில் ஒரு காதுகுத்து விழாவுக்குப் போனவன் இரண்டு நாட்கள் வீடு திரும்பவில்லை. நானோ பழையபடி வேனை அழைக்கும் மனநிலைக்கே போய்விட்டேன். எலக்ட்ரீஷியன் மண்டபத்துக்குத் தேடிப் போய், மருத்துவமனையில் காட்டி, அந்தச் சனிக்கிழமையே கூட்டத்தில் உட்காரவைத்தார். அங்கே யாரும் ஏன் குடித்தாய் என்று கேட்கவில்லையாம். “இன்று எத்தனையாவது நாள்?” என்று கேட்டார்கள், “இரண்டு” என்றான், எல்லோரும் கை தட்டினார்கள். அதன் பிறகு இன்றுவரை இல்லை.

ஏ.ஏ. முறையில் குறைகளும் உண்டு. பன்னிரண்டு படிகளில் இறைவன் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. “நாம் புரிந்துகொண்ட வகையிலான இறைவன்” என்று அவர்கள் விளக்கினாலும், பகுத்தறிவு வழியில் வளர்ந்தவர்களுக்கு அது உறுத்தும். அந்த உறுத்தலை நொண்டிச் சாக்கு என்று ஒதுக்கக் கூடாது. எங்கள் பகுதிக் கூட்டங்களில் ஒரு பெண்ணைக்கூட நான் பார்த்ததில்லை. குடிக்கும் பெண்கள் இல்லாததால் அல்ல. அந்த அறைக்குள் ஒரு பெண் நுழைந்தால் ஊர் என்ன சொல்லும் என்பதால். இன்னும் சில குழுக்களில், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு குடிக்காமல் இருப்பது உண்மையான நிறுத்தம் ஆகாது என்று மூத்தவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். உறுப்பினர் எவரும் மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்பதே ஏ.ஏ. அமைப்பின் வெளியீடுகள் சொல்வது. மேற்சொன்ன மூத்தவர்கள் அதைப் படித்துப் பார்க்க வேண்டும். இவையன்றி, ஊசி வழியே வலி நிவாரணி மாத்திரைகளையும் அபின் வகைப் பொருட்களையும் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களுக்கு, வெறும் மனவுறுதியும் கூட்டமும் போதவே போதா. சில வாரம் நிறுத்தியபின் பழைய அளவை மறுபடி எடுத்தால் உடல் தாங்காது. அவர்களுக்குப் புப்ரெனார்பின் போன்ற மாற்று மருந்து தொடர்ந்து தேவைப்படும்.

கூட்டம் பிடிக்காதவர்களுக்கும் வழி இருக்க வேண்டும். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவரல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி அளித்து, அளவு மீறிக் குடிக்கும், ஆனால் இன்னும் முற்றிய நிலைக்குப் போகாத ஆண்களோடு சில அமர்வுகள் பேசவைத்தார்கள். மூன்று மாதம் கழித்து, அவ்வாறு பேசப்பட்டவர்களில் 100-க்கு 36 பேர் ஆபத்தான குடியிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். மற்றவர்களில் 26 பேர். 2017-இல் வெளியான ஆய்வு இது. நம் மாநிலமும் இதில் பின்தங்கியதாகச் சொல்ல முடியாது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ஆம் ஆண்டு சென்னையில் டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளையின் வழியே சிகிச்சை மையத்தைத் தொடங்கினார்; பின்னர் எங்கள் பக்கத்து மஞ்சக்குடியில், குடிநோயாளிகளை அவர்களுடைய ஊருக்கு அருகிலேயே வைத்து, ஊராரின் ஒத்துழைப்போடு முகாம் நடத்தும் முறையையும் கொண்டுவந்தார். ஊரைவிட்டுப் பிரித்துப் பூட்டுவதற்கு நேர் எதிரான முறை அது. ஊரும் உறவும் கூடவே இருந்து பார்த்தால், திரும்பி வருபவர் அந்நியராக வரமாட்டார்.

பூட்டிவைக்கும் மையங்களைப் பொறுத்தவரை, சட்டம் ஏற்கெனவே தெளிவாக இருக்கிறது. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் எவ்வகையிலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது. மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைகளையும் தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது. தானே முடிவெடுக்க இயலாத நிலையில் உள்ள ஒருவரைப் பிறர் சேர்ப்பதென்றால், மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். விடியற்காலை வேனுக்கும் என் கையெழுத்துக்கும் அந்தச் சட்டத்தில் இடமில்லை. மையங்களை ஆய்வு செய்யும் அதிகாரிகள் கட்டிடத்தையும் கழிப்பறையையும் பார்ப்பதோடு, ஓராண்டுக்கு முன் வெளியே போனவர்களில் எத்தனை பேரோடு இன்னும் தொடர்பு இருக்கிறது, அவர்களில் எத்தனை பேர் குடிக்காமல் இருக்கிறார்கள் என்ற பதிவேட்டையும் கேட்க வேண்டும். அந்தப் பதிவேடு இல்லாத இடத்துக்கு உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது.

2019-இல் மத்திய அரசுக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் வெளியிட்ட தேசிய அளவிலான கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சையைப் பெற்றிருக்கிறார். எஞ்சிய 37 பேருக்கும் கட்டில் போட எந்த அரசாலும் முடியாது. வீடு தேடிப் போக முடியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டு பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் ஏற்கெனவே நம் வாசலுக்கு வருகிறார்கள். மருத்துவமனையிலிருந்து திரும்பிய குடிநோயாளியின் வீட்டையும் அவர்களுடைய பட்டியலில் சேர்த்து, மருத்துவர் எழுதித் தந்த மாத்திரை தவறாமல் போகிறதா என்று பார்க்கவும், நடுக்கம் கண்டால் உடனே தகவல் சொல்லவும், அடுத்த கூட்டத்துக்கு யார் அழைத்துப் போகிறார்கள் என்று கேட்கவும் பணித்தால் போதும். அதற்குரிய ஊதியத்தை அவர்களுக்குக் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. ஏற்கெனவே நிறைய நடக்கிறார்கள். வட்டார மருத்துவமனை ஒவ்வொன்றிலும், மீண்டுவந்த ஒருவரைப் படுக்கைக்கு அழைத்துவரும் அந்த ஆலோசகரைப் போல ஒருவர் இருக்க வேண்டும்.

இறுதியாகத் தங்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். “குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை மறக்கச் செய்யலாம்” என்ற விளம்பரங்கள் தங்கள் நாளிதழின் வரி விளம்பரப் பகுதியில் இன்னும் வருகின்றன. அந்தப் பொடிகளில் என்ன கலந்திருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. அதை வாங்கப் போகிறவர்கள் என் சாளரத்தில் முந்தானையால் வாய் பொத்தி நின்ற அதே பெண்கள். அவற்றைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அடுத்தது, “இன்றைய நிகழ்ச்சிகள்” பகுதியில் கோயில் உற்சவத்துக்கும் இலக்கியக் கூட்டத்துக்கும் நடுவே, ஏ.ஏ. கூட்டங்களும் குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டங்களும் நம் மாவட்டத்தில் எந்தக் கிழமை, எந்த நேரம், எந்த இடத்தில் நடக்கின்றன என்பதையும், 14416 என்ற மனநல உதவி எண்ணையும் வாரம் ஒருமுறை வெளியிடுங்கள். எங்கள் ஊர்க் கூட்டம் சனிக்கிழமை மாலை ஆறரைக்குத் தொடங்குகிறது. புதிதாக வருபவர்களுக்குத் தேநீர் ஊற்றும் பொறுப்பை இந்த ஆண்டு என் தம்பியிடம் கொடுத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
கும்பகோணம்.